கொட்டாஞ்சேனையில் வாங்கிய குளிசை

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்கு ஏறினால் இடப்பக்கம் ஒரு பார்மசி, வலப்பக்கம் ஒரு பார்மசி, வீதியைக் கடந்தால் இன்னொன்று. இத்தனையையும் விட்டுவிட்டு, ஓர் அட்டைக் குளிசையைக் கொழும்பின் மற்ற நுனியிலிருக்கும் கொட்டாஞ்சேனையில் போய் வாங்கிய மடையன் ஒருவன் இருந்தான். நாலு புத்தகம் வாசித்தவன். மற்றவர்களின் கோழைத்தனத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்திரிகையில் நக்கலடித்துப் பெயர் வாங்கியவன். நீங்கள் ஊகித்தது சரி.

நம் பத்திரிகையின் மரண அறிவித்தல் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டார். வட்ஸ்அப்பில் வருகிற மங்கல் படத்தை எப்படித் துலக்குவது, எத்தனை மணிக்குப் பக்கத்தை மூடுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு குளிசையைப் போடுவதா விடுவதா என்று நான் இழுத்தடித்த கதை. அதற்கும் மரண அறிவித்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் அப்போது கேட்டேன்.

என்னை அந்த மேசையில் உட்காரவைத்த பெரியவர் இரண்டு விஷயம் சொன்னார். அவருடைய பெயர் வேண்டாம், பெயர் போட்டால் யாராவது பிழை பிடிப்பார்கள். முதலாவது, எழுதி முடித்த அறிவித்தலைத் தந்தவருக்கே போனில் முழுக்கத் திருப்பி வாசிக்க வேண்டும். மூத்த மகனிலிருந்து கடைசிப் பேரப்பிள்ளை வரை, ஒரு பெயர் விடாமல். அப்போதுதான் மறுபக்கத்தில் ஒருவர், "ஐயோ, சின்ன மருமகனை விட்டிட்டம், அவர் எங்களையும் உங்கட பேப்பரில போட வைப்பார்" என்று பதறுவார். இரண்டாவது, அழக்கூடாது. கல்லாக இருக்க வேண்டும். "உனக்கு இந்த மேசை சரி, நீ கல்லு," என்று ஒருநாள் என் முதுகில் தட்டினார். அதை ஒரு பட்டம்போலக் கொண்டாடிக்கொண்டு திரிந்தேன்.

முதலாவதை இன்றும் பின்பற்றுங்கள். இரண்டாவதை நம்பியதால்தான் எனக்கு நோய் வந்தபோது, தொழிலில் தேறிவிட்டேன் என்று நினைத்தேன்.

மனச்சோர்வு என்றால் ஒருவர் மூலையில் குந்தி அழுவார் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. குளிக்கப் போவது மலை ஏறுவதுபோல இருந்தது. எங்கள் வீட்டு யன்னலுக்குக் கேட்கும் கடல் அயல்வீட்டு வானொலிபோலக் கேட்டது, யாரோ போட்டுவிட்டு அணைக்க மறந்ததுபோல. விடியப்புறம் முழித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். காலையில் ஷேவ் எடுத்து, டை கட்டி, வேலைக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்தியும் தவறாமல் வந்தது. அதில் கொஞ்சக் காலமாகச் சிரிப்பே இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

கண்டுபிடித்தவள் என் மனைவி வசந்தி.

"இஞ்சருங்கோ, நீங்கள் இப்ப என்னோட சண்டையும் பிடிக்கிறேல்லை."

"அதுக்கு நீர் சந்தோஷப்படும்."

"முந்தி தேங்காய் வாங்கினாலே ஒரு மணித்தியாலம் நொட்டை சொல்லுவியள். நேற்று அழுகல் தேங்காயில சம்பல் போட்டுத் தந்தன். சாப்பிட்டிட்டு எழும்பிப் போறியள். எனக்குப் பயமாக் கிடக்கு."

அவள்தான் என்னைக் கொள்ளுப்பிட்டியில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனாள். என்னைவிட இளையவர், அமைதியான பெண். எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டார். கடைசித் தேர்தலிலிருந்து என்று ஒரு பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். என் பகிடியைக் குறிப்பெடுத்த முதல் வாசகர் அவர்தான்.

"பகிடி நல்லா இருக்கு. நித்திரை எப்பிடி?"

சொன்னேன்.

"சாக வேணும் எண்ட மாதிரி யோசனை வாறதோ?"

"டொக்டர், எங்கட தொழிலே அதுதானே." இதற்கும் அவர் சிரிக்கவில்லை. காத்திருந்தார். அந்த அறையில் ஒளிக்க இடமே இல்லை. "அப்பிடி இல்லை. ஆனா நாளைக்கு எழும்பாமல் விட்டாலும் பரவாயில்லை எண்டு சிலவேளை…" என்றேன். பக்கத்தில் வசந்தி தன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

குளிசை எழுதினார். நான் என் மகத்தான ஆட்சேபத்தைச் சமர்ப்பித்தேன். "இதைப் போட்டா என்ரை எழுத்து மழுங்கிப் போயிடாதோ? நான் பகிடி எழுதுறவன்."

"இப்ப எழுதுறீங்களோ?"

"ஓம், வாராவாரம்."

"எழுதேக்க உங்களுக்குச் சிரிப்பு வருதோ?"

"வாசகருக்கு…"

"உங்களுக்கு?"

நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"நான் வற்புறுத்தேல்லை," என்றார். "ஆனா உங்கட நிலைமைக்கு இது தேவை எண்டு நினைக்கிறன். சந்தேகமெண்டா வாங்கோ, போன் எடுங்கோ, எத்தினை தரமும் கேளுங்கோ. யோசிக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு ஒளிச்சு மட்டும் திரியாதேங்கோ."

அவர் செய்ய வேண்டாம் என்றதை அப்படியே செய்தேன். அவர் எழுதித் தந்த மருந்துத் துண்டை மடித்துச் சேர்ட் பையில் வைத்தேன். இன்று வாங்கலாம், நாளை வாங்கலாம். வெள்ளவத்தைப் பார்மசிகளில் எனக்குத் தெரியாத முகம் இல்லை. ஒன்றில் நிற்பவர் என் மனைவியின் பழைய மாணவன். மற்றதில் எங்கள் மாடிவீட்டுக்காரர் சங்கத்தின் செயலாளர் பின்னேரங்களில் கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருப்பார். நான் குளிசைப் பையோடு வீடு திரும்புவதற்குள் "மாஸ்டருக்கு மண்டையில ஏதோவாம்" என்ற செய்தி மூன்றாம் மாடிக்கு ஏறியிருக்கும் என்று எண்ணினேன். ரீச்சரின் கணவன் என்பதால் அங்கே எல்லோருக்கும் நான் மாஸ்டர். மரணத்தையே ஊருக்கு அறிவித்துச் சம்பாதித்தவனுக்குத் தன்னைப் பற்றிய ஒரு சின்னச் செய்தி வெளியே போவதில் அவ்வளவு பயம்.

இன்னொன்றும் நடந்தது. காலையில் மாற்றும் ஒவ்வொரு சேர்ட்டின் பையிலும் அந்தத் துண்டு இருந்தது. நான் அதை ஒருபோதும் மாற்றி வைத்ததில்லை. தோய்க்கப் போட்ட சேர்ட்டிலிருந்து எடுத்து, அயன்பண்ணிய சேர்ட்டில் வைத்தது வசந்தி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஒளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்ததை அவள் ஒவ்வொரு நாளும் மடித்து என் நெஞ்சுக்கு மேலே வைத்துக்கொண்டிருந்தாள்.

இனி என் கைப்பிழைக்கு வருகிறேன்.

கனடாவில் காலமான ஒருவரின் அறிவித்தல் வந்தது. பூர்வீகம் கொட்டாஞ்சேனை. நீளமான குடும்பம். எழுதி முடித்தேன். அங்கே போன் எடுத்துத் திருப்பி வாசித்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. நேர வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. பெயர்களை வரிசையாக வாசிக்கும்போது மறுபக்கத்தில் ஒரு இடத்தில் குரல் உடையும். வாசிப்பவர் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு எனக்குத் தாங்க முடியாததாகியிருந்தது. துக்கத்தால் அல்ல. பாரமான பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்தில் நிற்பதுபோல, வெறும் களைப்பால். அந்தக் கிழமைகளில் பல அறிவித்தல்களை இப்படியே விட்டிருந்தேன். தப்பியது அவற்றின் அதிர்ஷ்டம்.

அடுத்தநாள் காலை போன் அடித்தது.

"ஹலோ, மரண அறிவித்தல் பகுதியா?"

"ஓம், சொல்லுங்கோ. காலமானது யார்?"

"நான்தான்."

கை பழக்கத்தில் பேனையை எடுத்தது. "முழுப் பெயர்?"

"சவரிமுத்து. கொட்டாஞ்சேனை."

"எப்ப காலமானவர்?"

"இன்னைக்குக் காலையில, உங்க பேப்பர்ல."

பத்திரிகையை விரித்தேன். இறந்தவரின் சகோதரர்கள் வரிசையில், ஒன்றுவிட்ட தம்பியான சவரிமுத்துவைக் 'காலஞ்சென்ற' கூட்டத்தில் சேர்த்திருந்தேன். பக்கத்து மேசையில் கல்யாண விளம்பரம் பார்க்கும் ஃபரீத் எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பை அடக்க மாட்டாமல் ஒரு மணமகள் தேவை விளம்பரத்தை வாயில் திணித்துக்கொண்டான். "என்னடா மச்சான், மௌத்தானவன்கிட்டயே டீட்டெய்ல் கேக்கிறாய்!" என்று மேசையில் தலையைப் போட்டுக் குலுங்கினான். அவன் ஏன் சிரிக்கிறான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விளங்கியது. கணக்குப் பாடம் விளங்குவதுபோல விளங்கியது.

இந்தப் பிழைக்கு நம் மேசையில் ஒரு வழக்கம் உண்டு, அதை விடாதீர்கள். உயிருள்ளவரைக் கொன்றால் திருத்தம் போடுவதற்கு முன் அவருடைய வீட்டுக்கு நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். போனில் கேட்கும் மன்னிப்பைச் செத்தவர்கள் ஏற்பதில்லை. கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளிப் பஸ்ஸில் ஏறினேன். பஸ் கொட்டாஞ்சேனையை நெருங்கும்போது ஒரு யோசனை வந்தது. இங்கே என்னைத் தெரிந்த ஒருவரும் இல்லை. மருந்துத் துண்டு பையில் இருக்கிறது. வாங்கிக் கையில் வைத்திருந்தால் வசந்திக்காவது ஆறுதலாக இருக்கும். போடுவதைப் பிறகு யோசிக்கலாம்.

இறங்கி முதலில் கண்ட பார்மசிக்குள் போனேன். வரிசையில் சிலர் நின்றார்கள். கடைக்காரர் துண்டை வாங்கிப் பார்த்தார், அலுமாரியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"ஐயா, நீங்க ஞாயிற்றுக்கிழமை பேப்பர்ல எழுதுறவர்தானே?"

"இல்லை."

"இல்லையா? அந்த மூக்கு போட்டோவுல அப்படியே இருக்கே." உள்பக்கம் திரும்பிக் கத்தினார்: "இந்தா, பகிடி எழுதுற ஐயா நம்ம கடைக்கு வந்திருக்காரு!"

வாழ்நாளில் தெருவில் என்னை அடையாளம் கண்ட ஒரே வாசகர், கையில் என் மனச்சோர்வுக் குளிசை அட்டையை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். ஒரு மாதத்துக்கு மேலாக நான் பயந்த பேரழிவு முழுமையாக நடந்து முடிந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெண், "பகிடி எல்லாம் சரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எனக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்," என்றார். அவ்வளவுதான். கடைக்காரர் பையில் போட்டு, "சாப்பிட்டுட்டுப் போடுங்க," என்று நீட்டினார்.

சவரிமுத்துவின் வீடு ஒரு ஒழுங்கையின் கடைசியில். துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். எழுபது வயதிருக்கும், சாரமும் பெனியனுமாக வாசலிலேயே நின்றார்.

"நம்மளைக் கொன்னது நீங்கதானா தம்பி? வாங்க, வாங்க. திரேசா, கொலைகாரர் வந்திருக்காரு!"

அவருடைய மனைவி திரேசா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பிடித்துக் கதிரையில் உட்காரவைத்தார்.

"காலையில இருந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்கு ஐயா. மட்டக்குளியில இருந்து இவரு தங்கச்சி ஓடிவந்து, 'அண்ணே, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே'ன்னு வாசல்ல விழுந்து அழுதா. கதவைத் திறந்தது இவரு. அதுக்கப்புறம்தான் அவ மயங்கி விழுந்தா."

"தண்ணி தெளிச்சதும் நான்தான்," என்றார் சவரிமுத்து. "கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா, மறுபடியும் மயங்கிட்டா."

"இவருகூட வேலை செஞ்சவர் ஒருத்தர் போன் எடுத்து, சவரிமுத்து மாதிரி தங்கமான மனுசனைப் பார்க்க முடியாதுன்னு அழுதிருக்காரு. போனை எடுத்தது இந்த மனுசன். வாயே திறக்காம முழுசையும் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு!"

"நல்லதைச் சொல்லும்போது நடுவுல பேசக்கூடாது திரேசா."

நான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த நகைச்சுவைக் காட்சிக்குள் உட்கார்ந்திருந்தேன். அதை எழுதிக்கொடுத்தவனும் நானே. தொழில் தெரிந்தவன் என்பதால் ஒவ்வொரு இடமும் எனக்குத் தெரிந்தது. இந்த இடத்தில் சிரிக்க வேண்டும். இது அதைவிட நல்ல இடம், இங்கே வயிற்றைப் பிடிக்க வேண்டும். முகத்தை அதற்கேற்ப அசைத்தேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. காய்ச்சல்காரனின் நாக்கில் கறி படுவதுபோல அவ்வளவும் பட்டுப் போயிற்று.

அந்தக் கதிரையில்தான் முதன்முறையாக உண்மையில் பயந்தேன். குளிசை என் சிரிப்பை எடுத்துவிடும் என்று இத்தனை நாளும் காவல் காத்தேனே, காத்தது வெறும் வீட்டை. எடுப்பதற்கு உள்ளே எதுவும் இருக்கவில்லை.

திருத்தத்தை எழுதி வந்திருந்தேன். இந்த முறை ஒழுங்காகத் திருப்பி வாசித்தேன். 'திரு. சவரிமுத்து அவர்கள் நலமுடன் உள்ளார் என்பதை அறியத் தருகிறோம். தவறுக்கு வருந்துகிறோம்.'

"அந்தக் கடைசி வரி வேணாம் தம்பி. நான் உயிரோட இருக்கிறதுக்கு நீங்க எதுக்கு வருந்துறீங்க?"

மன்னிப்புக் கேட்க வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்புகிற வீடு அதுவல்ல. சோறு, பருப்பு, கருவாட்டுக் கறி, ஒரு கீரைச் சுண்டல். சாப்பிட்டு முடித்தபோது பக்கத்துக் கதிரையில் நான் வைத்திருந்த பார்மசிப் பை திரேசாவின் கண்ணில் பட்டது.

"பிரஷருக்கா ஐயா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் சொல்ல இவ்வளவு தூரம் வந்தேன். ஓம், பிரஷருக்கு என்றால் முடிந்தது. யாருக்கும் நட்டமில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மேசை லாச்சியில் போட்டிருப்பேன், அது அங்கேயே கிடந்திருக்கும், நானும் அப்படியே கிடந்திருப்பேன். அந்த வார்த்தை நாக்குவரை வந்துவிட்டது. ஆனால் அன்று காலையிலேயே இந்த வீட்டுக்கு ஒரு பொய்ச் செய்தியை நான் அனுப்பியிருந்தேன். ஒரே நாளில் இரண்டாவது வேண்டாம் என்று பட்டது.

"பின்னாலைதான். மனச்சோர்வுக்கு," என்றேன். "டொக்டர் எழுதித் தந்து கனநாள். இன்னும் துவங்கேல்லை. பயமாயிருக்கு."

திரேசா தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி நின்றார். சவரிமுத்து என்னை உற்றுப் பார்த்தார்.

"அப்ப குளிசை போடாமத்தான் என்னைக் கொன்னீங்களா?"

"ஓம், ஐயா."

"போட்டிருந்தா நான் பொழைச்சிருப்பேன்."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா!" என்று திரேசா அவர் தோளில் ஒன்று வைத்தார். பிறகு ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்துக் கழுவி, துணியால் துடைத்து, தண்ணீர் வார்த்து என் முன்னால் வைத்தார். "போடுங்க ஐயா. நாங்க இங்கதான இருக்கோம்."

சவரிமுத்து எழுந்து போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து திறந்தார். முழுக்கக் குளிசை. "இது சுகருக்கு. இது பிரஷருக்கு. இது கொலஸ்ட்ரோலுக்கு. இந்த வெள்ளை எதுக்குன்னு எனக்குத் தெரியாது, கேட்டா டொக்டர் கோவிக்கிறாரு. எனக்கும் இப்ப போடுற நேரம்தான். வாங்க, ஒண்ணாப் போடுவோம்."

நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இருந்து, கைக்குள் குளிசையை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் தலையை அசைத்தார். விழுங்கினோம். என்னுடையது தொண்டையில் கொஞ்சம் நின்று இறங்கியது. இடி இடிக்கவில்லை. திரேசா தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம், "துவங்கிட்டன்," என்றேன். "சாப்பிட்டியளோ?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். குசினிக்குள் போனவள் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கனநேரம் ஓடியது. அங்கே கழுவுவதற்கு ஒரு கோப்பைகூட இருக்கவில்லை.

இதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று எழுத எனக்கும் ஆசைதான். முதல் கிழமை வாய் காய்ந்தது, வயிறு குமட்டியது. இரண்டாம் கிழமை ஒன்றுமே இல்லை, முன்னைப்போலவே கூரை. விட்டுவிடலாம் என்று அட்டையை லாச்சிக்குள் தள்ளினேன். அன்று டொக்டர் சொன்னது ஞாபகம் வர, ஒளிக்காமல் போன் எடுத்தேன். இப்போது நிறுத்த வேண்டாம், இது மெல்ல, ஆறுதலாகத்தான் வேலை செய்யும், நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள் என்றார். பிறகு அளவைக் கொஞ்சம் கூட்டினார். கிழமைக்கொருமுறை போய் இருந்து கதைப்பதற்கும் ஒருவரிடம் அனுப்பினார். எனக்குச் சரிவந்தது உங்களுக்கும் வரும் என்று சொல்ல நான் யார்? அதை உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். நான் சொல்வது ஒன்றுதான்: அந்த முடிவைச் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டு தனியே திரியாதீர்கள்.

குளிசை என்னைச் சந்தோஷமான மனிதனாக்கவில்லை. அப்படி நான் முன்னரும் இருந்ததில்லை. மாறியதை முதலில் காட்டித்தந்தது நம் மேசைதான். கிராண்ட்பாஸிலிருந்து ஒரு பெண் தன் கணவருடைய அறிவித்தலைத் தந்தார். திருப்பி வாசித்தேன். 'அன்புக் கணவரும்' என்று வந்த இடத்தில் உடைந்தது என் குரல். நான் நிறுத்திவிட்டேன். மறுபக்கத்தில் அவர் பொறுத்திருந்தார். "ஆறுதலா வாசிங்க ஐயா," என்றார், "எனக்கு இனி ஒரு அவசரமும் இல்லை." போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். ஃபரீத் தன் கைலேஞ்சியை என் மேசையில் வைத்துவிட்டு வெளியே போயிருந்தான். அழக்கூடாது என்று சொன்ன பெரியவர் நல்லவர்தான். அவரையும் யாராவது டொக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

சிரிப்பு அதற்கும் பிந்தித்தான் வந்தது. ஒரு பின்னேரம் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எந்தக் காரணமும் இல்லாமல் சவரிமுத்துவின் தங்கை கண்ணைத் திறந்து, மறுபடி மயங்கி விழுந்த காட்சி மனதில் வந்தது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு தொண்டைக்குள் என்னவோ கிளம்பியது. நிறுத்த முடியவில்லை. சொதி புரைக்கேறியது, கண்ணால் தண்ணீர் கொட்டியது, மேசையைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டேன். வசந்தி ஓடிவந்தாள். நான் சிரிக்கிறேன் என்று அவளுக்கு விளங்கியதும் எதிர்க் கதிரையில் இருந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தபடியே இருந்தாள். அவளும் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும் தெரிந்திராது. அன்று இடியப்பம் ஆறிப்போயிற்று. இருவரும் அப்படியே இருந்தோம்.

அடுத்தநாள் காலை லிஃப்டில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் ஏறினார். என் தோளில் கையைப் போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நேற்றுப் பின்னேரம் உங்களுக்குச் சரியான மூச்சிழுப்புப் போல. பாவம், கேட்டுக்கொண்டுதான் இருந்தனாங்கள். நான் ஒரு நல்ல கசாயம் தாறன் மாஸ்டர், கண்டபடி இங்கிலீசுக் குளிசை மட்டும் போட்டிடாதேங்கோ."